பழைய டீசல் கெப் வாகனத்தின் எரிபொருள் செலவைக் குறைத்தல்: மலையகச் சாலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கங்களில் மரக்கறி ஏற்றும் பழைய கெப் வாகனங்களில் பெரும்பாலானவை டர்போ இல்லாத, மின்னணுக் கட்டுப்பாடு எதுவுமற்ற டீசல் பம்ப் பொருத்திய எஞ்சின்களில் ஓடுபவை. டொயோட்டா ஹைலக்ஸில் வந்த 2எல், 3எல் எஞ்சின்களும், இசுசுவின் 4ஜேபி1 எஞ்சினும், மிட்சுபிஷியின் 4டி56 எஞ்சினின் டர்போ இல்லாத வகையும் இவற்றுள் அடங்கும். இவ்வழிகாட்டி அவ்வகை வாகனங்களுக்கு உரியது.

டீசல் அதிகம் குடிக்கிறது என்று தோன்றியதும் புதியவர்கள் முதலில் செய்யும் காரியம், பம்பைக் குறைத்து, அதாவது அது எஞ்சினுக்கு அனுப்பும் டீசல் அளவைக் குறைத்துத் தரும்படி மெக்கானிக்கிடம் கேட்பதாகும். இங்கே அது கடைசிப் படியாக வைக்கப்பட்டுள்ளது. பின்சக்கரப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும் வண்டியில் பம்பைக் குறைத்தால் வலு மட்டுமே குறையும். சாரதி ஒரு கியர் கீழே இறங்கி, அக்சிலரேட்டர் மிதியைத் தரைவரை அழுத்தி, முன்பைவிட அதிக டீசலை எரித்துக்கொண்டு அதே ஏற்றத்தை ஏறுவார். ஆகையால் கீழேயுள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்ய வேண்டும்.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டுப் புத்தகம், நம்பத்தக்க டயர் காற்றழுத்தமானி, ஜாக்கும் அதைத் தாங்க இரண்டு ஸ்டாண்டுகளும், சக்கரத் தடைக்கட்டைகள், வாகனத்தின் கையேடு அல்லது அந்த எஞ்சினுக்குரிய அளவுகள் எழுதிய தாள் ஆகியவை கையில் இருக்க வேண்டும். புதிய எயார் ஃபில்டரையும் டீசல் ஃபில்டரையும் முன்பே வாங்கி வைப்பது நல்லது. ஆனால் முதல் அளவீட்டை முடிக்காமல் அவற்றை மாட்டக் கூடாது.

கடந்த ஆண்டுகளின் புகைப் பரிசோதனைச் சான்றிதழ்களைத் தேடி எடுத்து வையுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பித்தவுடன் பலர் அவற்றை எங்கேயோ போட்டுவிடுகின்றனர். அவற்றிலுள்ள புகை அளவு ஆண்டுக்காண்டு கூடியிருந்தால் ஒன்பதாம் படியில் அது பெரிதும் உதவும்.

இந்த வேலை முழுவதும் ஒரே சாரதி வண்டியை ஓட்ட வேண்டும். சாரதி மாறினால் எண்களும் மாறும், அப்போது எந்தத் திருத்தம் பலன் தந்தது என்று சொல்ல முடியாமல் போகும்.

2. இப்போதைய நிலையை அளத்தல்

மலைநாட்டில் ஒருவழிப் பயணத்தின் கணக்கால் பயன் எதுவும் இல்லை. ஒரு தொன் எடையை 1000 மீற்றர் உயர்த்துவதற்கு ஏறக்குறைய 9.8 மெகாஜூல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் டீசலில் 36 மெகாஜூல் அளவு இருந்தாலும், பழைய எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சக்கரத்துக்குக் கொடுப்பதால், தொன் ஒன்றுக்கு 1000 மீற்றர் ஏற்றத்துக்கு ஒரு லீற்றர் செலவு என்று தோராயமாகக் கொள்ளலாம். ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியிலிருந்து 1868 மீற்றரிலுள்ள நுவரெலியாவுக்குச் சுமையோடு இரண்டரைத் தொன் எடையுள்ள வண்டி ஏறினால், உயரத்துக்கு மட்டுமே மூன்றரை லீற்றர் அளவு போய்விடும். எந்த மெக்கானிக்காலும் அதைக் குறைக்க முடியாது. எனவே போய்த் திரும்பி வரும் முழுப் பயணத்தையே அளக்க வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட எரிபொருள் நிலையத்தில், சமதரையில், டாங்கியை நிரப்புங்கள். டீசல் நுரைக்கும் என்பதால், குழாய் தானாக முதல் முறை நின்றதும் ஒரு நிமிடம் பொறுத்து, மீண்டும் மெதுவாக நிரப்பி இரண்டாம் முறை நின்ற இடத்தில் விட்டுவிட வேண்டும். பிறகு வழக்கமான சுமையோடு வழக்கமான பாதையில் ஓடி, அதே நிலையத்தில், வண்டி அதே திசையைப் பார்த்து நிற்க, அதே முறையில் நிரப்ப வேண்டும். இரண்டாவது முறை நிரம்பிய லீற்றரால் ஓடிய கிலோமீற்றரை வகுத்தால் உங்கள் எண் கிடைக்கும்.

பத்து லீற்றர் மட்டும் எரித்துவிட்டு அளப்பது ஒரு பொதுவான தவறு. நிரப்பும்போது ஏற்படும் ஒரு லீற்றர் வித்தியாசம் பத்து லீற்றரில் 10 சதவீதப் பிழையாகும். நாற்பது லீற்றரில் அதுவே 2.5 சதவீதந்தான்.

டயர் அளவு மாற்றப்பட்ட வண்டியில் மீட்டரும் பொய் சொல்லும். பழைய கெப் வாகனங்களில் முந்திய உரிமையாளர் பெரிய டயர் போட்டிருப்பது சாதாரணம். டயரின் சுற்றளவு 6 சதவீதம் கூடியிருந்தால், உண்மையில் 100 கிலோமீற்றர் ஓடிய வண்டியின் மீட்டர் 94 மட்டுமே காட்டும். நல்ல நிலையிலுள்ள வண்டியைக்கூட அப்போது டீசல் குடிக்கும் வண்டி என்று நினைத்துவிடுவோம். பிரதான வீதியோரக் கிலோமீற்றர் கற்களுடன் மீட்டரை ஒப்பிட்டு, அந்த வித்தியாசத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு, எல்லாக் கணக்கிலும் சேர்க்க வேண்டும். இத்தகைய அளவீடு இரண்டாவது வரும்வரை வண்டியில் எதையும் கழற்றாதீர்கள். இரண்டு எண்களும் நெருங்கி வரவில்லையெனில் பிழை அளக்கும் முறையில் இருக்கிறது.

3. சக்கரங்கள் தடையின்றிச் சுழல்கின்றனவா என்று பார்த்தல்

எஞ்சினைத் தொடுவதற்கு முன் சக்கரங்களைப் பார்க்க வேண்டும். செலவு குறைந்ததும் பலன் பெரியதும் இதுவே. மழையும் சேறும் நிறைந்த தோட்டப் பாதைகளில் ஓடும் வண்டியின் கைப்பிரேக் வயர் துருப்பிடித்து, விடுவித்த பின்னும் பாதி இழுத்த நிலையிலேயே நின்றுவிடும்.

மெல்லிய ஏற்றமுள்ள வெறிச்சோடிய சாலையில் சில கிலோமீற்றர் தூரம் பிரேக்கை மிதிக்காமல் ஓட்டி, மிதியை விட்டு, ஏற்றமே வண்டியை நிறுத்தும்படி செய்யுங்கள். சமவெளிச் சாரதிகளுக்கு இந்த வசதி இல்லை. நின்றதும் கைப்பிரேக்கையும் இழுக்காமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கருகிலும் புறங்கையைக் கொண்டுபோனால் வெப்பத்தை உணரலாம். ஒரு சக்கரம் மட்டும் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்திருக்கிறது, அல்லது பெயாரிங் இறுகியிருக்கிறது. பின்னர் ஜாக் வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கையால் சுற்றிப் பார்த்து உறுதி செய்யலாம்.

நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன்சக்கரத்தை முன் அச்சுடன் பூட்டும் ஹப் லொக் கையால் திருப்பும் வகையாக இருந்தால், அது விடுவித்த நிலையில் உள்ளதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் தோட்டத்து மண்பாதையில் ஏறுவதற்காகப் பூட்டிவிட்டு, மாதக்கணக்கில் தார் சாலையில் அப்படியே ஓடும் வண்டிகளை அடிக்கடி காணலாம். முன் அச்சும் அதன் கியர்களும் வேலையின்றிச் சுழல்வதற்கும் டீசல் செலவாகும்.

டயர் காற்றைக் காலையில் ஓடும் முன்னரே அளக்க வேண்டும். கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவு வெற்று வண்டிக்கும் சுமை வண்டிக்கும் வெவ்வேறாக இருக்கும். பின் டயருக்குச் சுமை வண்டியின் அளவைப் பின்பற்றுங்கள். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது தாங்கக்கூடிய உச்ச அளவாகும். அதுவரை அடைத்தால் ஈரமான முடக்குகளில் பிடிமானம் குறையும்.

ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் கூடியும் வேகம் கூடவில்லையெனில் கிளட்ச் வழுக்குகிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போவதில் பொருளில்லை. இப்படியின் வேலைகளை முடித்துவிட்டு மீண்டும் ஒருமுறை அளந்து எழுதுங்கள்.

4. காற்று வரும் பாதை

நுவரெலியாவின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்குக் குறைந்த காற்றையே இழுக்கும். இருக்கும் காற்றையும் அடைபட்ட ஃபில்டர் தடுத்தால், வருகிற டீசலின் ஒரு பகுதி கரும்புகையாக வெளியேறும். கொழும்பில் ஓடும் வண்டி பொறுத்துக்கொள்ளும் பழைய ஃபில்டரை மலையில் ஓடும் வண்டி பொறுத்துக்கொள்ளாது.

தாள் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவவோ, வெளிப்பக்கத்திலிருந்து காற்றடிக்கவோ கூடாது. வெளியிலிருந்து அடிக்கும் காற்று தூசியைத் தாளுக்குள் ஆழமாக இறக்கிவிடும். உட்பக்கத்திலிருந்து மெல்லிய அழுத்தத்தில் ஊதலாம், ஆனால் புதியது போடுவதே உசிதம். எண்ணெய் நிரப்பும் பழைய வகையாக இருந்தால் எண்ணெய் குறிக்கப்பட்ட கோட்டுக்கு மேல் நிற்கக் கூடாது. ஃபில்டர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் இறப்பர்க் குழாய் உள்ளே பிரிந்து தொங்குகிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். கல்லில் அடிபட்டு நசுங்கிய சைலன்சர் குழாயும் எஞ்சினின் மூச்சை அடைக்கும்.

5. டீசல் வரும் பாதை

முதலில் ஒழுக்கைத் தேடுங்கள். நொசில்களின் (சிலிண்டர்களுக்குள் டீசலைத் தெளிக்கும் பாகங்களின்) மேல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் மெல்லிய திரும்புகுழாய்கள் ஆண்டுகள் செல்ல இறுகி வெடித்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் கசியும். நின்ற வண்டியில் ஈரம் தெரியாது. நொசிலைச் சுற்றித் துடைத்துவிட்டு, ஓடி வந்தவுடன் பார்த்தால் கண்டுபிடிக்கலாம்.

அடுத்ததாக டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து, தண்ணீரை வெளியேற்ற வேண்டும். இரவு குளிர்ந்து பகலில் சூடாகும் மலையகத்தில், பாதி காலியான டாங்கியின் உட்சுவரில் ஈரம் படியும். இரவில் வண்டியை நிறுத்தும் முன் டாங்கி நிறைந்திருப்பது இதைக் குறைக்கும். ஃபில்டரை மாற்றிய பின் அதன் மேலுள்ள கைப் பம்பால் காற்றை முழுவதும் வெளியேற்றாவிட்டால் எஞ்சின் இழுத்து இழுத்து ஓடும். அதைப் பம்ப் கோளாறு என்று நினைத்து அலைபவர்கள் உண்டு.

மண்ணெண்ணெய் கலக்க வேண்டாம். இவ்வகைப் பம்புகளின் உட்பாகங்களுக்கு டீசல்தான் மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு, லீற்றருக்குக் கிடைக்கும் சக்தியும் குறைவு. டீசலை மிச்சப்படுத்தும் என்று சொல்லிக் குழாயில் மாட்டும் காந்தங்களைப் பற்றி எழுத இங்கே இடமில்லை.

6. எஞ்சின் சூடு

ஏற்றத்தில் எஞ்சின் சூடேறுகிறது என்று தேர்மோஸ்டட்டை (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வை) கழற்றி எறிந்துவிட்டு ஓடும் வண்டிகள் ஏராளம். நுவரெலியாவின் மார்கழி, தை மாத விடியற்காலையில் அத்தகைய எஞ்சின் பல கிலோமீற்றர் ஓடியும் சரியான சூட்டுக்கு வராது. குளிர்ந்த எஞ்சினில் டீசல் முழுமையாக எரிவதில்லை, எண்ணெயும் தடிப்பாகவே நிற்கும். இறக்கம் நீளமான பாதையில் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் ஏறும்போது கிடைத்த சூடும் இறங்கும்போது போய்விடும். பைபாஸ் வழியைத் தேர்மோஸ்டட்டே மூடும்படி அமைந்த எஞ்சின்களில், அதைக் கழற்றினால் சூடான தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே சுற்றும். அப்போது சுமையோடு ஏறுகையில் சூடு கூடுமேயன்றிக் குறையாது.

எனவே கையேட்டில் சொல்லியுள்ள வெப்ப அளவுக்குரிய தேர்மோஸ்டட்டை வாங்கி மாட்டுங்கள். பொருத்துமுன் தண்ணீரில் போட்டுச் சூடாக்கிச் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். 95 பாகையில் முழுவதும் திறக்கும்படி செய்யப்பட்ட நல்ல தேர்மோஸ்டட்கூட அங்கே முழுவதும் திறக்காமல் நிற்கலாம். அது எந்த வெப்பத்தில் திறக்கத் தொடங்குகிறது என்பதையே பார்க்க வேண்டும்.

தேர்மோஸ்டட் இருந்தும் ஏற்றத்தில் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பும் மூடியும் பார்க்கப்பட வேண்டும். விசிறியின் கிளட்ச் இறுகிப்போய் விசிறி எப்போதும் முழு வேகத்தில் சுழன்றால் அதுவும் எஞ்சினின் வலுவைத் தின்னும்.

7. சுமை

இரண்டாம் படியில் கண்ட கணக்கின்படி, உயர்த்தப்படும் ஒவ்வொரு கிலோவுக்கும் டீசல் செலவாகிறது. மலையில் வேகம் குறைவாதலால் காற்றுத்தடையைப் பற்றிக் கவலைப்படுவதைவிட எடையைப் பற்றிக் கவலைப்படுவதே முறை. முன்னாலுள்ள இரும்புப் பாதுகாப்புக் கம்பிகள், தேவையில்லாத பின்சட்டகம், மழையில் ஊறிய சாக்குகள், தட்டுக்கடியில் உறைந்த சேறு ஆகியவற்றை அகற்றுங்கள். மேலதிக டயரையும் ஜாக்கையும் அகற்றக் கூடாது.

8. ஏற்றமும் இறக்கமும்

இந்தப் படிக்குப் பணம் தேவையில்லை, பழக்கத்தை மாற்றுவதே கடினம். நொசிலைத் தொடும் முன் இதைச் செய்வதற்குக் காரணம், சாரதியின் கால் மாறாதவரை எஞ்சின் திருத்தத்தின் பலன் அளவீட்டில் தெளிவாகத் தெரியாது என்பதாகும்.

ஏறும்போது கண்ணாடியில் பின்னால் பாருங்கள். கரும்புகை வந்தால், இருக்கும் காற்றால் எரிக்க முடியாத அளவு டீசல் உள்ளே போகிறது. புகை மறையும்வரை மிதியை மெல்லத் தளர்த்தினால், வேகம் அவ்வளவாகக் குறையாததைக் காணலாம். வேகம் குறைந்தால் மிதியை மேலும் அழுத்தாமல் ஒரு கியர் இறக்க வேண்டும். இவ்வகை எஞ்சின்களில் பல, நிமிடத்துக்கு 2000க்கும் 2500க்கும் இடைப்பட்ட சுழற்சியில் நன்றாக இழுக்கும். அதற்குக் கீழே முனகவிட்டு ஏற்றினாலும், மிக மேலே அலறவிட்டு ஏற்றினாலும் செலவு கூடும். முடக்கின் நடுவில் கியர் மாற்றுவதால் இழக்கும் வேகத்தை மீண்டும் பெற டீசல் வேண்டும். ஆகையால் முடக்குக்குள் நுழையும் முன்னரே மாற்றிவிடுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்பது தலைமுறையாகச் சொல்லப்படும் தவறு. கியரில் இருக்கும் வண்டியின் மிதியை முற்றாக விட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சுற்றும். ஐட்லிங் வேகத்துக்கு மேல் சுழலும் எஞ்சினுக்கு டீசல் செல்வதைப் பம்பிலுள்ள கவர்னர் (சுழற்சி வேகத்துக்கேற்ப டீசலைக் கட்டுப்படுத்தும் பாகம்) அநேகமாக முற்றாகவே நிறுத்திவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் ஐட்லிங்கில் ஓடுவதற்கு டீசல் வேண்டும். ஆக, நியூட்ரலில் இறங்குபவரே அதிகம் செலவழிக்கிறார்.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குவது உயிருக்கே ஆபத்து. பழைய டீசல் ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்ப் அல்டர்னேட்டருடன் இணைந்தே சுழல்கிறது. எஞ்சின் நின்றால், சில தடவை மிதித்த பின் பிரேக் மிதி கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். லபுக்கலையிலிருந்து இறம்பொடை நோக்கி, அல்லது ஹக்கலையிலிருந்து வெலிமடை நோக்கிச் சுமையோடு இறங்கும்போது பிரேக்கை மட்டுமே நம்பியிருந்தால், அது சூடாகிப் பிடிப்பை இழக்கும். அந்த ஏற்றத்தை எந்தக் கியரில் ஏறுவீர்களோ, அதே கியரிலேனும் அதற்குக் கீழேனும் இறங்குங்கள்.

காலையில் எஞ்சினை இயக்கி நெடுநேரம் நிற்கவிட வேண்டாம். எண்ணெய் அழுத்த விளக்கு அணைந்து, எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியதும் மெதுவாகப் புறப்பட்டால் விரைவில் சூடாகும். மரக்கறி ஏற்றும் வரிசையில் காத்திருக்கும்போதும் நிறுத்திவிடலாம். ஆனால் சரிவில் நின்றால் கியரும் தடைக்கட்டையும் கட்டாயம்.

9. புகையைப் பார்த்து, வால்வ், நொசில், டைமிங் என்ற வரிசையில் திருத்துதல்

இதுவரை செய்தவற்றின் பின்னும் எண் திருப்தியளிக்கவில்லையெனில், எஞ்சின் நன்கு சூடான நிலையில் புகையைப் பாருங்கள். கரும்புகை டீசல் மிகுதியையோ காற்றுக் குறைவையோ காட்டும். நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடான பின்னும் வரும் வெண்புகை, டீசல் எரியாமல் போவதையோ, டைமிங் (டீசல் தெளிக்கப்படும் நேரம்) பிந்தியிருப்பதையோ காட்டும். நுவரெலியாவில் கரும்புகை தந்து, கம்பளைக்கு இறங்கியதும் புகை தெளியும் வண்டியில், நொசிலைவிட உயரமே காரணமாக இருக்கக்கூடும். உங்கள் வண்டி அதிகம் சுமை ஏற்றி ஏறும் இடத்தில்தான் இதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

முதலில் வால்வ் இடைவெளியைக் கையேட்டின்படி சரிசெய்ய வேண்டும். இடைவெளி பிழையாக இருந்தால் காற்று நிரம்புவதும் அழுத்தமும் மாறும், அந்த நிலையில் நொசிலைச் சோதித்துப் பயனில்லை. பிறகு நொசில்களைக் கழற்றி, திறக்கும் அழுத்தத்தையும் தெளிப்பையும் சோதனைக் கருவியில் பார்க்கச் சொல்லுங்கள். நான்கையும் ஒன்றாகவே திருத்த வேண்டும், ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு வரும். கழற்றும்போது அடியிலுள்ள செப்பு வாஷரைப் புதிதாக மாற்றுவது அவசியம். சோதனைத் தெளிப்பின் அருகே கையைக் கொண்டுபோகக் கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். டைமிங்கைச் சோதிப்பது இவற்றின் பின்னரே.

10. பம்ப்

மேலே சொன்ன எல்லாம் முடிந்து, அளவீடுகளும் எழுதப்பட்டு, ஏற்றத்தில் சாதாரணமாக ஓட்டும்போதும் கரும்புகை நிற்கவில்லையென்றால் மட்டுமே பம்பைத் தொட வேண்டும். இதை வீட்டில் செய்ய வேண்டாம். உச்ச டீசல் அளவைத் தீர்மானிக்கும் முழுச்சுமைத் திருகைச் சிறிது திருப்பினாலே டீசல் அளவு வெகுவாக மாறும், ஐட்லிங் வேகமும் கூடவே மாறும். அந்த ஐட்லிங்கைச் சரிசெய்யப் போய் இன்னொரு திருகையும் திருப்பிவிட்டு, பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லாமல் நிற்பவர்கள் பலர்.

பம்பைச் சோதனை மேடையில் ஏற்றித் திருத்தும் இடத்துக்குக் கொண்டுபோய், வண்டி எந்த உயரத்தில் சுமையோடு ஓடுகிறது என்பதை முதலில் சொல்லுங்கள். கண்டியிலோ கொழும்பிலோ திருத்துபவர் அந்த உயரத்துக்கேற்பவே அளவு வைப்பார். சில பம்புகளில் உயரத்துக்கேற்ப டீசலைக் குறைக்கும் அமைப்பு இருக்கும், அது வேலை செய்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். திருத்தும் முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பம்பின் பின்னும் எண் அசையாவிட்டால், மிஞ்சியிருப்பது சிலிண்டர்களின் அழுத்தச் சோதனை. அங்கேயும் உயரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். நுவரெலியாவில் எடுக்கும் அழுத்த அளவு, நல்ல எஞ்சினிலும் கையேட்டிலுள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே காட்டும். அந்த எண்ணை மட்டும் பார்த்து எஞ்சின் போய்விட்டது என்று சொல்பவரிடம் வேலையை ஒப்படைக்காமல், நான்கு சிலிண்டர்களின் அளவுகளும் ஒன்றோடொன்று நெருங்கி இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஒன்று மட்டும் தனித்துக் குறைந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் வால்வையும் ரிங்கையும் பார்க்க எஞ்சினைத் திறக்கலாம். நான்கும் ஒரே அளவாக, உயரத்துக்குரிய குறைவோடு மட்டும் இருந்தால், திறக்க வேண்டியதில்லை.